விருந்தாளி ஜெயிக்கும் மைதானம்

ஆடி மாதம் தென்காசியில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு எதிரணியின் பதினோரு பேரைச் சமாளித்தால் மட்டும் போதாது. காற்றையும் சமாளிக்க வேண்டும். குற்றாலத்துக்குச் சீசனைக் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, செங்கோட்டையைக் கடந்து, தென்காசி, சுரண்டை, ஆலங்குளம் என்று கிழக்கே பாய்கிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளை வரிசையாக நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஐந்தருவியில் துண்டோடு நிற்கிற சுற்றுலாப் பயணிக்குச் சாரல் சுகம். நனைந்த பந்தைப் பிடிக்க வேண்டிய கோல்கீப்பரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

பள்ளிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் இந்தச் சாரல் காலத்தை ஒட்டியே வந்துவிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு பள்ளி பொறுப்பேற்று நடத்தும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் வேனிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்கும். மேற்குப் பக்கக் கோலிலிருந்து உதைத்த பந்து காற்றில் ஏறி, எதிரணிக் கோலுக்கும் பின்னால் போய் விழும். கிழக்குப் பக்கத்திலிருந்து உதைத்தாலோ, பந்து மேலே போய் ஒரு கணம் தயங்கி, உதைத்தவன் தலைக்கே திரும்பி வரும். வெளியூர்ப் பையன்கள் இதைப் புரிந்துகொள்வதற்குள் இடைவேளை விசில் ஊதிவிடும். உள்ளூர்ப் பள்ளியின் பி.இ.டி. சாருக்கோ இது மனப்பாடம். கோட்டுக்கு வெளியே நின்று அவர் போடும் சத்தம் ஒன்றுதான்: “ஏலே, தூக்கி அடிக்காதலே, தரையோட குடு!”

டாஸில்கூட இதற்கு இடமிருக்கிறது. முன்பெல்லாம் டாஸ் ஜெயித்தவர் எந்தப் பக்கம் ஆடுவது என்பதை மட்டுமே சொல்லலாம். முதல் உதை எதிரணிக்குப் போய்விடும். 2019-இல் கால்பந்து விதியைத் திருத்தினார்கள். இப்போது டாஸ் ஜெயித்தவர் பக்கத்தைக் கேட்கலாம், அல்லது முதல் உதையைக் கேட்கலாம். காற்று வீசும் ஊரில் விவரம் தெரிந்த கேப்டன் எதைக் கேட்பான் என்று சொல்லத் தேவையில்லை. காற்றை முதல் பாதியில் முதுகுக்கு வைத்துக்கொள்வதா, இரண்டாம் பாதிக்கு மிச்சம் வைப்பதா என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கு.

சொந்த மைதானத்தில் ஆடுகிறவனுக்குக் கை ஓங்கும் என்பது சிறுவனுக்கும் தெரியும். ஏன் ஓங்குகிறது என்பதைத்தான் உலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. காற்று, மண், வெயில் என்று இயற்கையைக் கைகாட்டுவது சுலபம். அதற்கு நல்ல சாட்சிகளும் உண்டு. பொலிவியாவின் லா பாஸ் நகரத்து மைதானம் கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஓடினால் மூச்சு வாங்கும். 2009 ஏப்ரலில் மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அங்கே 6-1 என்று தோற்றது. இவ்வளவு உயரத்தில் சர்வதேச ஆட்டம் நடத்தவே கூடாது என்று ஃபிஃபா 2007-இல் தடை போட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் மறு ஆண்டே பின்வாங்கியது.

நம் பக்கத்தில் சேப்பாக்கம். சுழற்பந்துக்குத் தோதான மெதுவான ஆடுகளத்தை வைத்துக்கொண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் 2011-இல் அங்கே ஆடிய எல்லா ஆட்டத்தையும், இறுதிப் போட்டி உட்பட, ஜெயித்தது. பெங்களூரு அணி 2008-இல் ஒரு முறை சென்னையை அங்கே ஜெயித்தது; சென்னையை அங்கே மறுபடி ஜெயிக்க 2025 மார்ச் வரை காத்திருந்தது. கிரிக்கெட்டில் ஆடுகளத்தை வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்குத் தயார் செய்துகொள்ளலாம் என்பதால் இதை ஓரளவு விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் எல்லா மைதானமும் லா பாஸ் இல்லை, எல்லா ஆட்டமும் கிரிக்கெட் இல்லை. சமதளத்தில், ஒரே மாதிரிப் புல்லில் நடக்கும் ஐரோப்பியக் கால்பந்திலும் உள்ளூர் அணியே அதிகம் ஜெயிக்கிறதே, அது ஏன்?

அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பேரி ஷ்வார்ட்ஸும் ஸ்டீபன் பார்ஸ்கியும் 1977-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூரைக்குக் கீழே ஆடப்படும் கூடைப்பந்து, பனி ஹாக்கி போன்றவற்றில் உள்ளூர் அனுகூலம் அதிகம் என்றும், அதற்குக் கூட்டத்தின் ஆதரவே பெரிய காரணம் என்றும் அவர்கள் சொன்னார்கள். கோயில் கொடையை ஒட்டி ராத்திரியில் விளக்குப் போட்டு நடக்கும் கபடியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. கோட்டிலிருந்து கை நீட்டும் தூரத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும். வெளியூர் ரைடர் பாடிக்கொண்டு வரும்போது எழும் கூச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்காது.

அந்தக் கூச்சல் யாரை அதிகம் பாதிக்கிறது என்று தேடிப் போனவர்கள்தான் சுவாரசியமான இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் வீரனுக்கு வீரம் ஏறுகிறது, வெளியூர்க்காரனுக்குக் கால் நடுங்குகிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். பாதிக்கப்படுகிற இன்னொருவரும் மைதானத்தில் இருக்கிறார். விசில் அவர் கையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆலன் நெவில் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். லிவர்பூல் அணி தன் சொந்த ஆன்ஃபீல்டு மைதானத்தில் லெஸ்டர் அணியோடு ஆடிய ஓர் ஆட்டத்தின் வீடியோவிலிருந்து 47 மோதல்களை எடுத்தார்கள். தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேரை உட்காரவைத்து, ஒவ்வொன்றும் ஃபவுலா இல்லையா என்று கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு வீடியோ ஓடியது. மீதிப் பேருக்குச் சத்தமே இல்லை. சத்தத்தோடு பார்த்தவர்கள் லிவர்பூலுக்கு எதிராக 15 சதவீதத்துக்கும் சற்று அதிகமாகவே ஃபவுல்களைக் குறைத்துக் கொடுத்தார்கள். இவர்கள் இருந்தது மூடிய அறையில். வெளியே போகும்போது கல்லெறிய ஆளில்லை, வசைபாட ஆளில்லை. டிவியிலிருந்து வந்த வெறும் இரைச்சல் அது.

ஸ்பெயின் லீகை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் மூவர் 2005-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஆட்டத்தின் கடைசியில் நடுவர் சேர்த்துத் தரும் கூடுதல் நிமிடங்கள் இருக்கின்றனவே, உள்ளூர் அணி ஒரு கோல் முன்னால் இருந்தால் அவை குறைகின்றன. ஒரு கோல் பின்தங்கி இருந்தால் கூடுகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ இரட்டிப்பு. காசு வாங்கிக்கொண்டு செய்ததாக யாரும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் ஒன்றைக் கேட்கும்போது மனித மனம் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். குறுவட்டப் போட்டியில் தன் பள்ளி ஆடும்போது விசிலை வேறு பள்ளி ஆசிரியர் கையில் கொடுக்கிற வழக்கத்தை நம் பி.இ.டி. ஆசிரியர்கள் இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு ஏற்படுத்தவில்லை. ஆனாலும் வேறு பள்ளி ஆசிரியருக்கும் காது உண்டு. சுற்றி நிற்பது உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள்.

இதையெல்லாம் ஒரே வீச்சில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைக் கொரோனா கொடுத்தது. 2020 மே 16-ஆம் தேதி ஜெர்மனியின் பூண்டெஸ்லிகா ஆளில்லாத மைதானங்களில் மறுபடி தொடங்கியது. ஊரடங்குக்கு முன்புவரை அந்த சீசனில் உள்ளூர் அணிகள் ஏறத்தாழ 43 சதவீத ஆட்டங்களை ஜெயித்திருந்தன. காலி நாற்காலிகளுக்கு நடுவே அது 33 சதவீதத்துக்கு இறங்கியது. மண் மாறவில்லை, புல் மாறவில்லை, பயண தூரமும் மாறவில்லை. சத்தம் மட்டும்தான் போயிருந்தது.

இனி, நூறு வருடப் பகை இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பாக் நீரிணையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இலிருந்து நடந்துவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். இரண்டும் பெயரில்தான் கல்லூரி. ஆடுகிறவர்கள் பள்ளி மாணவர்கள். மத்திய கல்லூரி வெஸ்லியன் மிஷனரிகள் 1816-இல் தொடங்கியது. பரியோவான் 1823-இல் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் நல்லூரில் தொடங்கி, பிறகு சுண்டுக்குளிக்குக் கொண்டுபோனது. இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே சைக்கிளில் போய்வரும் தூரம்தான். போராலும் கொரோனாவாலும் இடையில் விடுபட்ட ஆண்டுகள் போக, 2024 மார்ச்சில் நடந்தது 117-ஆவது ஆட்டம்.

மார்ச் மாதம் வந்தால் அந்த மூன்று நாளும் ஊரில் வேறு பேச்சில்லை. கொடி பிடித்த சைக்கிள்கள், வாத்தியம் ஏற்றிய வாகனங்கள், கூடாரம் போட்டு உட்காரும் பழைய மாணவர்கள் என்று மைதானம் நிறையும். லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் லீவு போட்டு வருகிறவர்கள் உண்டு. தாத்தா ஆடியிருப்பார், அப்பா ஆடியிருப்பார், பேரன் பெவிலியனில் கால்காப்பைக் கட்டிக்கொண்டிருப்பான்.

ஆட்டம் நடப்பது மத்திய கல்லூரியின் சொந்த மைதானத்தில். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் துரையப்பா விளையாட்டரங்குக்கும் பொது நூலகத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது அது. ஓர் ஆண்டு இங்கே, மறு ஆண்டு அங்கே என்று மாற்றி மாற்றி வைப்பதில்லை. அண்மைக் காலமாக வருடா வருடம் மத்திய கல்லூரி மைதானம்தான். இதுவரை சொன்ன கணக்கெல்லாம் சரியென்றால் மத்திய கல்லூரியின் வெற்றிப் பட்டியல் எங்கேயோ போயிருக்க வேண்டும். ஆனால் மொத்தக் கணக்கில் முன்னால் நிற்பது விருந்தாளியாக வருகிற பரியோவான்.

பரியோவான் எப்போதுமே பலமான அணி என்பது ஒரு பதில். அது முழுப் பதில் ஆகாது. அந்த மைதானத்தில் யாருமே அந்நியர் இல்லை என்பதுதான் விஷயம். பரியோவான் பையன் காலையில் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, தன் சைக்கிளில் வந்து இறங்குகிறான். அந்தத் தரையின் மேடு பள்ளம் அவனுக்கும் தெரியும். கடற்காற்று எந்நேரம் எழும்பும் என்பது அவன் அப்பாவுக்கும் தெரியும். அதைவிட முக்கியம் கூட்டம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கூடாரம் கத்தினால் அந்தப் பக்கம் இன்னொரு கூடாரம் கத்துகிறது. அம்பயரின் ஒரு காதுக்குள் ஒரு பள்ளி, மறு காதுக்குள் மறு பள்ளி. நிலப் பட்டா யார் பெயரில் இருந்தால் என்ன?

இத்தாலியில் இதற்கு நேர்மாறான ஒரு சாட்சி இருக்கிறது. மிலான் நகரத்தின் இரண்டு பெரிய அணிகளான இன்டரும் ஏ.சி. மிலானும் ஒரே சான் சீரோ மைதானத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ரோமிலும் இரு அணிகளுக்கு ஒரே ஒலிம்பிக் மைதானம். லீக் அட்டவணைப்படி ஒரு தடவை ஒருவர் வீட்டுக்காரர், அடுத்த தடவை மற்றவர். மண் ஒன்று, பயணம் இல்லை. மாறுவது டிக்கெட் மட்டும். வீட்டுக்காரர் பெயர் யாருக்கோ, அவருடைய சீசன் டிக்கெட்காரர்கள் பெருவாரியான இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்படி ஒரே மைதானத்தைப் பகிரும் அணிகளின் ஆட்டங்களை மிக்கேலா போன்சோவும் வின்சென்சோ ஸ்கோப்பாவும் எடுத்து ஆராய்ந்தார்கள். பெயரளவு வீட்டுக்காரருக்கே கை ஓங்கியிருந்தது. மைதானம் பொதுவாக இருந்தும் கூட்டம் சாய்ந்ததால் அனுகூலம் வந்தது மிலானில். மைதானம் ஒருவருடையதாக இருந்தும் கூட்டம் சமமாக நின்றதால் அனுகூலம் கரைந்தது யாழ்ப்பாணத்தில் என்று சொன்னால் தவறாகாது.

‘பொது மைதானம்’ என்று பெயர் வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடுமா என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நாற்பது வருடம் சண்டை நடந்திருக்கிறது. அலபாமா பல்கலைக்கழகமும் ஆபர்ன் பல்கலைக்கழகமும் 1893-இலிருந்து மோதிக்கொள்கிறவை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. 1907-க்குப் பிறகு இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. வீரர்களின் படிக்காசு எவ்வளவு, நடுவர் எந்த ஊரிலிருந்து வருவது என்பதெல்லாம்தான் தகராறு. நடுவர் விஷயத்தில் அந்தக் காலத்துக் கிழவர்கள் பின்னாளைய ஆராய்ச்சியாளர்களைவிட விவரமாகவே இருந்திருக்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஆட்டமே இல்லை.

1948-இல் ராசியானதும் பர்மிங்காம் நகரத்து லீஜன் ஃபீல்டில் ஆடுவது என்று முடிவானது. டிக்கெட் ஆளுக்குப் பாதி. கேட்பதற்குப் பொது இடம்தான். ஆனால் அலபாமா அணி தன் சொந்த ஆட்டங்களில் பலவற்றையும் அங்கேதான் வைத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய டஸ்கலூசாவிலிருந்து பக்கம், ஆபர்னிலிருந்து தூரம். இது பொது இடமில்லை, அவன் வீட்டுத் திண்ணை என்று ஆபர்ன் தரப்பு பல ஆண்டுகள் பொருமியது. 1981-இல் பயிற்சியாளராக வந்த பாட் டை விடாப்பிடியாக நின்றார். கடைசியில் 1989 டிசம்பர் 2-ஆம் தேதி, அந்த ஆட்டம் முதன்முறையாக ஆபர்னின் சொந்த மைதானத்துக்கு வந்தது. கூட்டம் 85,000-க்கு மேல். அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், நாட்டின் தரவரிசையில் இரண்டாவதாக நின்ற அலபாமாவை ஆபர்ன் 30-20 என்று வீழ்த்தியது. அழுதவர்களில் பாதிப் பேர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசிக்கொள்வார்கள்.

சொந்த மண்ணின் மகிமைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அவசரப்படக்கூடாது. ஆபர்ன் அந்தக் காலத்தில் ரொம்பவும் வலுவான அணி. வேறு எங்கே ஆடியிருந்தாலும் ஜெயித்திருக்கக்கூடும். பதினோரு வருடம் கழித்து, 2000 நவம்பரில், அலபாமா தன் பங்குக்கு ஆட்டத்தை டஸ்கலூசாவுக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ நூறு வருடத்தில் அங்கே நடக்கும் முதல் சந்திப்பு. குளிரும் மழையுமான அந்த நாளில் வீட்டுக்காரர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆபர்ன் 9-0. அலபாமாவுக்கு அது மோசமான சீசன். மோசமான அணிக்குக் கூட்டத்தின் சத்தம் கொஞ்சம்தான் உதவும், மிச்சத்தைக் கால்தான் ஓட வேண்டும்.

தென்காசிப் பையன்களுக்கு ஆபர்னின் திண்ணைப் புகார் புதிதாக இருக்காது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை, மாவட்ட அளவு என்றாலே பெரும்பாலும் பாளையங்கோட்டைதான். விடியுமுன் எழுந்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, ஆலங்குளம் வழியாக பஸ்ஸில் குலுங்கிப் போய் இறங்கினால், பாளை பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டிலிருந்து நடந்து வந்து நிற்பான். அட்டவணையில் அது எல்லாருக்கும் பொதுவான மைதானம். பயணக் களைப்பு பெரிய வீரர்களிடம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அவர்கள் முந்தின நாளே போய் ஓட்டலில் தூங்குகிறார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அதிகாலை பஸ் ஒரு முழுக் கோலுக்குச் சமம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆளுக்கொரு வழி. கொழும்பில் ரோயல் கல்லூரியும் சென் தோமஸும் 1879-இலிருந்து ஆடிவரும் ‘நீலங்களின் சமர்’ இருவருக்கும் சொந்தமில்லாத எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடக்கிறது. அதே ரோயல், கண்டியின் திரித்துவக் கல்லூரியோடு ஆடும் ரக்பிக்கு வேறு ஏற்பாடு. அவர்கள் முதலில் மோதியது 1920-இல். 1945-இல் ரோயல் அதிபர் பிராட்பி ஒரு கேடயத்தைக் கொடுத்ததிலிருந்து ஆண்டுக்கு இரண்டு ஆட்டம்: ஒன்று கொழும்பில், ஒன்று மலை ஏறிக் கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவருக்குக் கேடயம். முதல் ஆட்டத்தில் இருபது புள்ளி பின்தங்கிய அணி, இரண்டாம் ஆட்டத்தைத் தன் மைதானத்தில் தன் கூட்டத்துக்கு முன்னால் பத்துப் புள்ளியில் ஜெயித்தால், ஆட்டம் ஜெயித்தது இவர்கள், கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது அவர்கள். அப்படி ஒரு மாலையில் பள்ளிக் கீதம் பாடுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்கே தெரியாது.